கைக்கெட்டும் தூரத்தில் காவல்: வீட்டுப் பொருள்களைக் கொண்டு தற்காத்துக்கொள்ளும் முறை

2019 ஆகஸ்டு மாதம், அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையத்தில் ஒரு முதிய தம்பதியின் வீட்டு வாசலில் நடந்ததைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்திருந்தது. தமிழ்நாட்டில் அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. இரவு நேரம். பெரியவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தை மூடிய ஒருவன் பின்னாலிருந்து வந்து துணியால் அவர் கழுத்தை இறுக்குகிறான். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, வாசலில் கிடந்த செருப்பை எடுத்து வீசுகிறார். அடுத்து அவர் கைக்கு வருவது பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவர் பிடியிலிருந்து விடுபட்டதும் அவரும் ஒரு நாற்காலியைத் தூக்குகிறார். அரிவாளோடு வந்த அவனும் அவன் கூட்டாளியும் பின்வாங்கி ஓடிவிட்டார்கள். அந்த அம்மாவின் கையில் காயம், கழுத்துச் சங்கிலியும் போயிற்று. ஆனால் தம்பதி இருவரும் உயிரோடு இருந்தார்கள். அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு வீர விருது கொடுத்தது.

அந்தக் காட்சியை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இருவருமே எதையும் தேடி வீட்டுக்குள் போகவில்லை. செருப்பு, நாற்காலி, ஸ்டூல் எல்லாம் அவர்கள் நின்ற இடத்திலேயே இருந்தன. முறத்தால் புலியை விரட்டிய பெண்ணைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோமே, அவளும் புலியைக் கண்டதும் வேல் தேடி உள்ளே ஓடவில்லை. கையில் இருந்தது முறம், அதையே ஓங்கினாள். வீட்டுப் பொருளைத் தற்காப்புக்குப் பயன்படுத்துவது பற்றி நான் சொல்ல வருவதில் பாதி இதுதான். எந்தப் பொருள் என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது பெரிது. மீதிப் பாதி: அந்தப் பொருளின் வேலை எதிராளியை வீழ்த்துவது அல்ல. அவனுக்கும் உங்களுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்குவது, அக்கம்பக்கத்தை எழுப்புவது, நீங்கள் கதவுக்கு வெளியேயோ கதவுக்குப் பின்னாலோ போய்ச்சேரும் வரை சில நொடிகளை வாங்கித் தருவது.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் ஒரு தாம்பாளம். அம்மா திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறார். கொல்லைக் கதவைப் பூனை முட்டித் திறக்கிறது என்று தினமும் இரவில் பித்தளைத் தாம்பாளம் ஒன்றை அதன்மேல் சாய்த்து வைப்பார். ஒருநாள் விடியற்காலை இரண்டு மணிக்குத் தாம்பாளம் தரையில் விழுந்து சுழன்றது. பித்தளை சிமென்ட் தரையில் சுழன்று அடங்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அம்மா விளக்கைப் போட்டுக் கத்தியபோது, கொல்லைச் சுவரைத் தாண்டி யாரோ குதித்து ஓடும் சத்தம் கேட்டது. பூனை அப்படிக் குதிக்காது. மறுநாள் பார்த்தால் தாழ்ப்பாளின் திருகாணிகள் இரண்டு நெம்பப்பட்டிருந்தன. அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவோடு சேர்ந்து வீடு முழுக்க ஏற்பாடு செய்தேன். பிறகு எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். பள்ளி நாட்களில் சில ஆண்டுகள் சிலம்பம் கற்றதைத் தவிர எனக்கு வேறு பயிற்சி கிடையாது. கீழே இருப்பவை எழுபது வயதுக்காரரும் செய்யக்கூடியவை.

சட்டம் எந்த அளவுக்கு இடம் தருகிறது

வகுப்பில் முதலில் வரும் கேள்வி, "நான் அடித்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்மேல் வழக்கு வருமா?" என்பதுதான். இந்தப் பயத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் உண்டு. ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொண்டு மேலே போவோம்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை, இதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உங்கள் உடலையும், பிறர் உடலையும், சொத்தையும் காக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சினாலே அந்த உரிமை தொடங்கிவிடுகிறது, முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2010-இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தாக்கப்படுபவர் அந்தப் பதற்றத்தில் தன் எதிர்ப்பை அணு அணுவாக அளந்து செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உள்ளது.

எல்லையும் உண்டு. 37-ஆவது பிரிவின்படி, காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல் துறையை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. நடைமுறையில் இதற்கு ஒரே பொருள்தான்: அவன் திரும்பி ஓடியதும் நீங்கள் நிறுத்திவிட வேண்டும். துரத்திப் போய் அடிப்பதும், பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதும் தற்காப்பில் சேராது, குற்றத்தில் சேரும்.

இதையொட்டி இன்னொன்று. இரும்புக் கேட்டிலோ வேலியிலோ மின்சாரம் பாய்ச்சி வைப்பது, சுவரோரம் பொறி வைப்பது போன்றவற்றை நினைத்தும் பார்க்காதீர்கள். தோட்டத்து மின்வேலியில் சிக்கி மனிதர்களும் யானைகளும் இறந்துபோகும் செய்திகளை நாம் தொடர்ந்து படிக்கிறோம். விடியற்காலையில் பால் கொண்டுவரும் பையனுக்கும் திருடனுக்கும் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது.

முதல் படி: இரவில் வீட்டைச் சுற்றி வாருங்கள்

பகலில் பார்த்தால் வீடு பத்திரமாகத்தான் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, உள்ளே வர நினைப்பவனின் கண்ணோடு வெளியிலிருந்து ஒரு சுற்று வாருங்கள்.

வெளியே கிடக்கும் உங்கள் பொருள்களே அவனுக்குக் கருவியாகும். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள், ஏணி, தேங்காய் உரிக்கும் கம்பி, இவை எதுவும் இரவில் வெளியே இருக்கக் கூடாது. எங்கள் கொல்லையில் கடப்பாரை மாட்டுக்கொட்டகைச் சுவரில்தான் பல வருடங்களாகச் சாய்ந்து நின்றது. தாழ்ப்பாளை நெம்பியது அதுதான் என்று முனையில் ஒட்டியிருந்த பச்சை வண்ணத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தால், கிரில் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை எட்ட முடிகிறதா என்று நீங்களே முயன்று பாருங்கள். எட்டினால் அந்த இடத்தில் கொசுவலைச் சட்டம் அடியுங்கள், அல்லது தாழ்ப்பாளை மாற்றி வையுங்கள். கோடையில் காற்றுக்காக ஜன்னலோரம் தலைவைத்துப் படுப்பவர்களின் கழுத்துச் சங்கிலி வெளியிலிருந்தே அறுக்கப்படுவது நம் ஊர்களில் பழைய கதை. கட்டிலை ஜன்னலிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளிப் போடுங்கள். காசு செலவில்லாத காவல் இது.

தாழ்ப்பாள் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதைப் பிடித்திருப்பது திருகாணிதான். அரை அங்குலத் திருகாணி போட்டிருந்தால் ஓர் உதையில் பெயர்ந்து வரும். அதைக் கழற்றிவிட்டு இரண்டு அங்குலத் திருகாணி போடச் சொல்லுங்கள். தச்சருக்கு அரைமணி நேர வேலை.

இரண்டாவது படி: கதவே உங்களை எழுப்பட்டும்

திருட வருபவன் விரும்பாதவை வெளிச்சமும் சத்தமும். இரண்டையும் சமையலறையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

தாம்பாளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்கு மட்டுமே இது பயன்படும். கதவின் கைப்பிடிப் பக்கமாக, கீல் பக்கமாக அல்ல, தாம்பாளத்தைச் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். இரண்டு விரல்கடை திறந்தாலும் சரிந்து விழ வேண்டும். உங்களிடம் பித்தளை இல்லையென்றால், கதவையொட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் விளிம்பில் எவர்சில்வர் டம்ளர்கள் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் டம்ளரில் கரண்டிகளைப் போட்டுவையுங்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவென்றால் தாழ்ப்பாளில் ஒரு மணியைக் கட்டிவிடுங்கள். மாட்டுக் கழுத்து மணி இருந்தால் இன்னும் நல்லது. இரவில் குழந்தைகளோ முதியவர்களோ அந்த வழியாகக் கழிவறைக்குப் போவார்கள் என்றால் தடுக்கி விழாதபடி வைக்க வேண்டும், அவர்களிடம் சொல்லியும் வைக்க வேண்டும்.

அடுத்தது மர ஆப்பு. ஒரு சாண் நீளம், ஒரு பக்கம் ஒன்றரை அங்குல உயரம், மறுபக்கம் கத்தி விளிம்பு போல இறங்க வேண்டும். மரக்கடையில் துண்டு மரத்தில் சீவித் தருவார்கள். உள்ளே திறக்கும் கதவின் அடியில், தாழ்ப்பாள் பக்கமாக, காலால் தட்டிச் செருகுங்கள். கிரானைட், டைல்ஸ் தரையில் மரம் வழுக்கும், ஆகவே ஆப்பின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து தள்ளத் தள்ள ஆப்பு இறுகும். விடுதி அறையிலும் வாடகை அறையிலும் தங்கும் பெண்கள் பையில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அந்த அறையின் சாவி இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாதல்லவா?

ஆனால் வீட்டில் இருக்கும் எல்லாக் கதவுகளுக்கும் ஆப்பு வைத்துவிடாதீர்கள். தீ பிடித்தால் வெளியேற ஒரு வழி வேண்டும். அது எந்த வழி என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது படி: ஒரு அறை, ஒரு ஆணி, ஐந்து பொருள்கள்

வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டால் எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். பெரும்பாலும் அது படுக்கையறைதான். அந்த அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உறுதியாக இருக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில், எழுந்திருக்காமலே கைநீட்டினால் எட்டும் இடத்தில், சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். அதில் ஒரு துணிப்பையை மாட்டி, டார்ச், விசில், போன் சார்ஜர், சாவிக்கொத்து, இவற்றைப் போட்டு வையுங்கள். ஐந்தாவது பொருளான கம்போ கைத்தடியோ அந்த ஆணிக்குக் கீழே சுவரில் சாய்ந்திருக்கட்டும்.

டார்ச் தனியாக வேண்டும். போனின் வெளிச்சம் போதாது, போன் பேசுவதற்கு வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் நல்ல டார்ச் ஒளி பட்டால் எவனும் ஒரு நொடி முகத்தைத் திருப்புவான். அந்த நொடி உங்களுடையது. டார்ச்சை மார்புக்கு நேராகப் பிடிக்காமல் கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடியுங்கள். அவன் ஒளியை நோக்கி எதையாவது வீசினால் உங்கள் மார்பில் படாது.

உங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் போனால் கதவைத் திறந்துகொண்டு மீட்டர் பெட்டியைப் பார்க்கப் போகாதீர்கள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு விளக்கைப் பாருங்கள். அங்கே எரிகிறது என்றால் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்யுங்கள், அவர்கள் வெளியே வந்து பார்த்த பிறகு நீங்கள் போகலாம்.

கார் வைத்திருப்பவர்கள் சாவியைக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் எச்சரிக்கைப் பொத்தான் இருந்தால் அழுத்தியதும் தெருவே விழிக்கும். கார் இல்லையென்றால் தட்டும் கரண்டியும் இருக்கின்றன. எவர்சில்வர் தட்டில் அடித்தால் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கேட்டதே! பக்கத்து இரண்டு மூன்று வீட்டுக்காரர்களோடு பேசி, மும்மூன்றாகத் தட்டினால் ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தும்போது வெறுமனே "ஐயோ" என்று கத்துவதைவிட எதிர்வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பொதுவான கூச்சலுக்கு ஜன்னல் திறக்கத் தயங்குபவர்கள்கூடத் தங்கள் பெயரைக் கேட்டால் எழுந்துவிடுகிறார்கள்.

நான்காவது படி: பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிப்பது எப்படி

வீட்டிலிருக்கும் பொருள்களில் ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கனம் இரண்டு மூன்று கிலோதான், எல்லா வீட்டிலும் இருக்கிறது, கத்திக்கும் உங்களுக்கும் நடுவே நான்கு கால்களை நீட்டுகிறது.

அம்மாவிடம் முதலில் "எடுத்துக் காட்டுங்கள்" என்றபோது, கைப்பிடிகள் இரண்டையும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினார். தோள் வலியில் கை நடுங்கியது, வயிறும் மார்பும் திறந்து கிடந்தன. "இப்படித் தூக்கினால் நானே விழுந்துவிடுவேன்டி" என்று கீழே வைத்துவிட்டார். சரியான முறை வேறு. நாற்காலிக்குப் பின்னால் நில்லுங்கள். முதுகுச் சாய்வின் மேல்விளிம்பை ஒரு கையால் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். கால்கள் நான்கும் எதிரே நிற்பவனைப் பார்க்கும். இருக்கையின் முன்விளிம்பு இப்போது மேலே வந்திருக்கும், அதை மறு கையால் பிடியுங்கள். முதுகுச் சாய்வு உங்கள் இடுப்போரம் அண்டியிருக்கட்டும். பாரத்தை இடுப்பு தாங்குவதால் கை வலிக்காது. ஒரு காலை முன்னே வைத்து, முழங்கையைச் சற்று மடக்கி, குட்டிக் குட்டியாக முன்னால் தள்ளுங்கள். முகத்துக்கு ஒரு முறை, வயிற்றுக்கு ஒரு முறை. அவன் ஒரு காலைப் பிடித்து இழுத்தால் இழுபறி போடாமல் அவன் பக்கமாகவே தள்ளிவிட்டு ஓடுங்கள். தள்ளிக்கொண்டே நீங்கள் கதவுப் பக்கமாக நகர வேண்டும், மூலைக்குள் போய்விடக் கூடாது.

வீசலாமா? கடையத்தில் வீசினார்கள், ஏனென்றால் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட நாற்காலிகள் இருந்தன, வீசுவதற்கு ஆளும் இருவர். உங்களிடம் ஒன்றுதான் என்றால் வீசாதீர்கள். வீசிய பிறகு கை வெறுங்கை.

அம்மாவுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. மூன்றாவது வாரம் திருடனாக நடித்த என் மகனைத் திண்ணையிலிருந்து முற்றம் வரை தள்ளிக்கொண்டு போனார். அவன் பதினாறு வயதுப் பையன், கைப்பந்து விளையாடுகிறவன். "அம்மாச்சி, விடுங்க, விடுங்க" என்று அவன் கத்தியபோது அவர் முகத்தில் நான் பார்த்த நிமிர்வை, அந்தத் தாம்பாளம் விழுந்த இரவுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

மற்றப் பொருள்கள்

கம்பு: சிலம்பக் கம்பு ஆள் உயரத்துக்கு நெருக்கமாக இருக்கும், அது திறந்தவெளிக்குச் சரி. வீட்டுக்குள் சுழற்றினால் மின்விசிறியிலும் நிலைக்கதவிலும்தான் படும். தரையிலிருந்து உங்கள் மார்பு உயரம் இருந்தால் போதும். இரண்டு கைகளாலும், நடுவில் தோள் அகலம் விட்டுப் பிடித்து, உலக்கை குத்துவதுபோல முன்னால் குத்துங்கள். ஓங்கி அடித்தால் கையை உயர்த்துவதற்குள் அவன் நெருங்கிவிடுவான், கம்பையும் பிடித்துவிடுவான். மாப்புக் கட்டையும் ஆகும், ஆனால் மரக்கட்டையாக இருக்க வேண்டும். உள்ளே வெற்றிடமாக இருக்கும் அலுமினியக் குழாய் ஒரு குத்தில் மடங்கிவிடும்.

குடை: வளைந்த கைப்பிடி வைத்த நீளமான கறுப்புக் குடை கம்பு போலவே பயன்படும். வெளியே போகும்போது யாரும் கேள்வி கேட்காத கம்பு அது. நாய் துரத்தினாலும் விரித்துக் காட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். மடக்குக் குடை இதற்கு உதவாது.

பையும் தலையணையும்: கத்தியோடு வருபவனிடம் வெறுங்கையை நீட்டக் கூடாது. புத்தகம் நிறைந்த பள்ளிப் பை, கனமான தலையணை, சுற்றிய போர்வை, பெரிய சுளகு, எது கிடைத்தாலும் உடம்புக்கு முன்னால் பிடித்துப் பின்வாங்குங்கள். போர்வையை விரித்து அவன் தலைமேல் போட்டுவிட்டு ஓடுவதும் நல்ல வழி.

ஒரு சொம்புத் தண்ணீர்: இதை நம்பாமல் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். முகத்தில் திடீரென்று தண்ணீர் விழுந்தால் கண்ணை மூடாத மனிதன் இல்லை. கட்டிலருகே இரவில் எப்படியும் தண்ணீர் வைத்திருப்போம். யாருக்கும் நிரந்தரத் தீங்கு இல்லாத பொருள் என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

இவற்றைத் தொடாதீர்கள்

மிளகாய்த்தூளைப் பற்றிக் கேட்காத வகுப்பு இல்லை. அதை நான் பரிந்துரைப்பதில்லை. இறுக மூடிய டப்பாவை நடுங்கும் கையால் திறக்க முடியாது. மின்விசிறி ஓடும் அறையில் வீசினால் பாதி உங்கள் கண்ணில்தான் விழும். மூச்சிரைப்பு உள்ளவர் அதே அறையில் இருந்தால் அவர் கதி என்ன? கண்ணில் படாவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, கோபம்தான் கூடும். தண்ணீரில் கரைத்துத் தெளிப்பானில் நிரப்பலாம் என்று படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. தூள் துவாரத்தை அடைத்துக்கொள்ளும், தேவைப்படும் நேரத்தில் வராது. அப்படி ஒன்று வேண்டுமென்றால் கடையில் விற்கும் பெப்பர் ஸ்பிரேயை வாங்கி, காலாவதித் தேதியைப் பார்த்து, திறந்தவெளியில் காற்றுக்கு முதுகுகாட்டி ஒரு முறை அடித்துப் பழகுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கழிவறை சுத்தம் செய்யும் அமிலம், கொதிக்கும் எண்ணெய், இவற்றை எந்த நிலையிலும் ஆயுதமாக எண்ணாதீர்கள். அமிலம் வீசிக் காயப்படுத்துவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 124-ஆவது பிரிவில் குறைந்தது பத்தாண்டு சிறைத் தண்டனை. அதையும் விட, பதற்றத்தில் அது முதலில் உங்கள் கையிலும் உங்கள் பிள்ளையின் மேலும்தான் தெறிக்கும்.

சமையல் கத்தியும் அரிவாள்மனையும் வேண்டாம். கத்தியைப் பயன்படுத்த அவனை மூச்சுக்காற்று படும் தூரத்துக்கு விட வேண்டும், நாம் இதுவரை பேசியதெல்லாம் அவனை அந்தத் தூரத்துக்கு விடாமல் வைப்பதற்குத்தான். பிடுங்கப்பட்டால் உங்கள் கத்தி அவன் கையில். இரவில் கத்திகளை மேடைமேல் விடாமல் இழுப்பறைக்குள் போட்டு மூடுங்கள்.

சாவியை விரலிடுக்கில் நீட்டிப் பிடித்துக் குத்தச் சொல்லும் ஆலோசனையும் சுற்றிவருகிறது. ஓர் அடியில் உங்கள் விரல்தான் கிழியும். சாவிக்கொத்தில் ஒரு விசிலைக் கோத்துக்கொள்வது நூறு மடங்கு மேல்.

கொடுத்துவிட வேண்டிய நேரம்

ஆயுதத்தோடு இருவர் மூவர் வந்து நகையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். இதைச் சொல்லும்போது வகுப்பில் சிலர் ஏமாற்றமடைவது எனக்குத் தெரிகிறது. சங்கிலியைக் கையில் கொடுக்காமல் ஒரு பக்கமாகத் தூக்கி எறியுங்கள், அவன் அதை எடுக்கப் போகும்போது நீங்கள் மறுபக்கம் ஓடுங்கள். நகையைக் கேட்காமல் உங்களை இழுத்துப்போக முயன்றாலோ, கழுத்தை நெரித்தாலோ, குழந்தையைத் தொட்டாலோ மட்டும் நாற்காலியும் கம்பும் பல்லும் நகமும் எல்லாமும் வெளிவரட்டும்.

போன்

அவசர எண் 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ரயிலில் 139. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 'காவல் உதவி' செயலியைப் போட்டுக்கொள்ளலாம், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறைக்கு இருப்பிடத்தோடு தகவல் போகும். இந்தியாவில் விற்கும் போன்களில் அவசரப் பொத்தான் வசதி 2017 முதல் கட்டாயம். பொத்தான் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்துவது, தொடுதிரை போனில் பவர் பொத்தானை மூன்று முறை வேகமாக அழுத்துவது என்பதுதான் அதற்கான விதி. உங்கள் போனில் எப்படி அமைத்திருக்கிறது என்று அமைப்புகளில் போய் இன்றே பார்த்துவிடுங்கள். பெற்றோரின் போனிலும் பார்த்து, அவர்கள் விரலாலேயே செய்யவைத்துப் பழக்குங்கள். பேசும்போது முதலில் முகவரி, அடுத்து "வீட்டுக்குள் ஆள் இருக்கிறான்". மற்றதெல்லாம் பிறகு. முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி அந்த ஆணிக்கு மேலே ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்தக் கதவு எண்ணே மறந்துபோகும்.

நடந்து முடிந்த பிறகு

அவன் ஓடிவிட்டான் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்யுங்கள். அவன் தொட்ட தாழ்ப்பாள், விட்டுப்போன செருப்பு, துணி எதையும் தொடாதீர்கள், தரையைக் கழுவாதீர்கள். சின்னக் காயமென்று விடாமல் மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். நீங்கள் திருப்பி அடித்திருந்தால் அதையும் மறைக்காமல் நடந்த வரிசையிலேயே புகாரில் எழுதுங்கள். மறைத்தால்தான் சிக்கல். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

எதுவும் எடுக்காமல் ஓடிவிட்டான், எதற்குப் புகார் என்று அம்மா தயங்கினார். நான் வற்புறுத்திக் கொடுக்கவைத்தேன். அதன் பிறகு சில வாரங்கள் ரோந்து வாகனம் எங்கள் தெருவழியாகவும் வந்து போயிற்று. தெருமுனையில் அணைந்து கிடந்த இரண்டு விளக்குகளுக்காகவும் ஊராட்சியில் மனு கொடுத்தோம், எரிய வைத்தார்கள்.

மாதத்தின் முதல் தேதியில் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. டார்ச்சை எரித்துப் பாருங்கள், விசிலை ஊதிப் பாருங்கள், ஆப்பைச் செருகி வெளியிலிருந்து ஒருவரைத் தள்ளச் சொல்லுங்கள், நாற்காலியின் கால்களில் வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவுங்கள். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நொறுங்கிவிடும், அதை மாற்றிவிட வேண்டும். அம்மா இதை மளிகைப் பட்டியல் எழுதும் நாளோடு சேர்த்துக்கொண்டுவிட்டார். பட்டியலின் முதல் வரியில், பருப்புக்கும் முன்னால், "டார்ச் கட்டை இரண்டு" என்று இருக்கும்.